சக ஆசிரியருக்கு மதிப்பெண் போடலாமா?

ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை கேட்டிருந்தார். அவர் பள்ளியில் ஒன்பது ஆசிரியர்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்ப்பது, 20 அம்சங்கள் கொண்ட படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது என்று திட்டமிட்டிருக்கிறார். படிவமும் தயார். இது ஆசிரியர்களின் திறனை வளர்க்குமா, வேறு எங்காவது செய்து பலன் கண்டிருக்கிறார்களா என்று கேட்கிறார்.

டீச்சர், ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்க்கட்டும். அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அந்த மதிப்பெண் கட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள். பதினேழு ஆண்டுகள் வகுப்பில் நின்றும், அதற்குப் பிறகு ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகச் சுற்றியும் நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

நான் ஆசிரியராக இருந்த ஒரு பள்ளிக்கும் இதேபோல ஒரு படிவம் வந்தது. முதல் மாதம் எல்லோரும் எல்லோருக்கும் நான்கு போட்டோம். இரண்டாம் மாதமும் நான்குதான். மூன்றாம் மாதம் ஒரு மூத்த ஆசிரியை, உண்மையான அக்கறையோடு, பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு 'மாணவர் பங்கேற்பு' என்ற வரியில் இரண்டு போட்டார். நானும் அந்த வகுப்பைப் பார்த்திருக்கிறேன், இரண்டு சரியான மதிப்பெண்தான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அதுவரை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான், 'அந்தப் பையன் ககர வரிசையைத் தாண்ட மாட்டேன் என்கிறான், நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அன்றோடு நின்றுபோனது. நான்காம் மாதம் எல்லோருக்கும் மறுபடி நான்கு.

மனஸ்தாபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த எண்ணுக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது? அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளை 2009-இல் தொடங்கி சுமார் 3,000 ஆசிரியர்களின் வகுப்புகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. வகுப்புகளை வீடியோ எடுத்து, நன்றாகப் பயிற்சி கொடுத்த ஆட்களை வைத்தே மதிப்பிட்டார்கள். அப்படியும் ஒரே ஒருவர் ஒரே ஒரு பாடவேளையைப் பார்த்துப் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்றுதான் முடிவு வந்தது. ஒரே ஆள் இரண்டாவது முறை வந்து பார்ப்பதைவிட வேறொரு ஆள் வந்து பார்ப்பது மதிப்பீட்டை அதிகம் நம்பத்தக்கதாக்குகிறது என்றும் தெரிந்தது. நம் பள்ளியில் பயிற்சி இல்லாத ஒருவர் 40 நிமிடத்தில் 20 அம்சங்களைப் பார்க்கப்போகிறார். ஒரு அம்சத்துக்கு இரண்டு நிமிடம். படிவத்தைப் பார்ப்பாரா, பிள்ளைகளைப் பார்ப்பாரா?

இந்த இடத்தில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில், பயிற்சிக் கூடத்தில் கேட்டது ஏன் வகுப்பறைக்குப் போய்ச் சேருவதில்லை என்று ஆராய்ந்தவர்கள். கருத்தைச் சொல்லி, செய்து காட்டி அனுப்பினால் மட்டும் போதாது, திரும்பிப் போன பிறகு சக ஆசிரியர்கள் சேர்ந்து முயன்று பார்த்தால்தான் அது வகுப்பில் நிலைக்கிறது என்றார்கள். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் சக ஆசிரியர் வழிகாட்டலுக்கு அவர்கள்தான் முன்னோடிகள். அதே இருவர் 1996-இல், தங்கள் முறையிலேயே ஒரு பகுதியை விட்டுவிட்டதாக எழுதினார்கள். வகுப்பைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் பகுதி அது. கருத்துச் சொல்லச் சொன்ன உடனே சக ஆசிரியர்கள் மேலதிகாரி மாதிரி பேசத் தொடங்கிவிடுகிறார்கள், நல்லுறவு குலைகிறது என்று கண்டார்கள். வகுப்பு எடுப்பவரைத்தான் வழிகாட்டி என்று அழைக்க வேண்டும், பார்க்க வந்திருப்பவர்தான் கற்றுக்கொள்பவர் என்று சொற்களையே மாற்றி வைத்தார்கள். இதைப் படித்த பிறகுதான் என் பயிற்றுநர் வேலையின் பாதித் தவறுகள் எனக்குப் புரிந்தன. நான் ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன்.

பார்க்க வருபவர் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார் என்பதை ஒரு நாடே பழக்கமாக வைத்திருக்கிறது என்றால் அது ஜப்பான். அங்கே இதன் பெயர் ஜுகியோ கென்கியூ, பாட ஆய்வு என்று சொல்லலாம். மெய்ஜி காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முளைத்தது. 1995-இல் நடந்த பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோவில் எடுத்து ஒப்பிட்டார்கள். ஜப்பானிய வகுப்புகள் அவ்வளவு வேறாக இருக்கக் காரணம் என்ன என்று மற்ற நாட்டவர்கள் தேடியபோதுதான் இந்த வழக்கம் வெளியே பரவலாகத் தெரியவந்தது.

எப்படி நடக்கும் என்றால், நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். முதல் வகுப்பில் பத்தைத் தாண்டிக் கழிக்கும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் எந்த எண்களைக் கொடுப்பது என்பதற்கே நீண்ட நேரம் பேசுவார்கள். 13-இல் 9 போனால் எத்தனை என்று கேட்டால், 9 பத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், பத்திலிருந்து ஒன்பதை எடுத்து, மிஞ்சும் ஒன்றோடு மூன்றைச் சேர்த்து நான்கு என்று குழந்தை சொல்ல வாய்ப்பு அதிகம். 12-இல் 3 என்று கேட்டால், முதலில் இரண்டை எடுத்துப் பத்துக்கு வந்து, இன்னும் ஒன்றை எடுத்து ஒன்பது என்று போகும். இரண்டும் கழித்தல்தான், ஆனால் குழந்தை யோசிக்கும் வழி வேறு. எந்த வழி முதலில் வர வேண்டும் என்பதை எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதே முடிவு செய்கிறது. பாடநூலைத் துருவி இப்படி யோசிக்கும் இந்தக் கட்டத்துக்கே தனிப் பெயர் இருக்கிறது, கியோசாய் கென்கியூ என்று. பிறகு பாடக்குறிப்பு எழுதுவார்கள். நாம் எழுதும் பாடக்குறிப்பில் ஆசிரியர் என்ன செய்வார் என்று இருக்கும். அவர்களுடையதில், இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் எப்படியெல்லாம் பதில் சொல்லக்கூடும் என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. தவறான பதில்களும் அதில் இருக்கும்.

அப்புறம் ஒருவர் வகுப்பு எடுப்பார், மற்றவர்கள் வந்து பார்ப்பார்கள். பின்பக்கம் நாற்காலி போட்டு உட்காரும் வழக்கம் அங்கே இல்லை. பாடக்குறிப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கத்தில் நின்று, நோட்டில் அவர்கள் எழுதுவதையும் அழிப்பதையும் குறித்துக்கொள்வார்கள். வாய் திறந்து உதவ மாட்டார்கள். முடிந்ததும் கூட்டம். வகுப்பு எடுத்தவர்தான் முதலில் பேசுவார். மற்றவர்கள் பேச்சு 'மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் முதலில் இப்படி எழுதினாள், பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்ததும் அழித்துவிட்டாள்' என்று பிள்ளைகளைப் பற்றியே இருக்கும். கடைசியில் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அனுபவசாலி ஒருவர் பேசுவார். பாடம் குழுவின் பாடம். அது சரியாகப் போகவில்லை என்றால் எண்களைத் தேர்ந்தெடுத்த எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, நின்று எடுத்தவர் தலை குனிய வேண்டியதில்லை. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே ஜப்பான் 2009-இல் வேறொன்றையும் கொண்டுவந்தது. ஆசிரியர் உரிமத்தைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, 30 மணி நேரப் பயிற்சி முடித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம். ஆசிரியர்களுக்கு அது சுமையாகவே இருந்தது. 2022 ஜூலையில் நீக்கிவிட்டார்கள். ஆனால் பாட ஆய்வு எப்போதும்போல நடக்கிறது. மணிக்கணக்கு வைத்து ஆசிரியரை வளர்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சீனாவிலும் 1950-களின் தொடக்கத்திலிருந்து பள்ளிகளில் பாடவாரியான ஆசிரியர் ஆய்வுக் குழுக்கள் உண்டு. சேர்ந்து பாடம் தயாரிப்பதும், மற்றவர்கள் வந்து பார்க்கும் திறந்த வகுப்புகளும் அங்கே சாதாரணம்.

சரி, மதிப்பிடவே கூடாதா என்று கேட்பீர்கள். சக ஆசிரியர்களே மதிப்பிட்டு, வேலையில் நீடிக்கலாமா வேண்டாமா என்பது வரை பரிந்துரைக்கும் முறையும் உலகில் உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரம் 1981-இல் அதைத் தொடங்கியது. யோசனை ஆசிரியர் சங்கத்திலிருந்து வந்தது என்பதுதான் அதில் பெரிய செய்தி. சங்கத் தலைவர் டால் லாரன்ஸ் பல ஆண்டுகள் கேட்டு, கடைசியில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. புதிதாகச் சேரும் ஆசிரியரை வழிநடத்தவும் மதிப்பிடவும் 'ஆலோசனை ஆசிரியர்' என்று ஒருவரைப் போடுவார்கள். அவர் அதே ஊரில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த சிறந்த ஆசிரியர். அந்த வேலை செய்யும் காலத்தில் அவருக்கு வகுப்பு கிடையாது, முழுநேரமும் இதுதான். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள், பிறகு வகுப்பறைக்கே திரும்பிவிட வேண்டும். அதிகாரியாக மாறிவிட முடியாது. அவர் கொடுக்கும் அறிக்கையை ஒன்பது பேர் கொண்ட குழு கேட்கும். ஐந்து பேர் சங்கத்திலிருந்து, நான்கு பேர் நிர்வாகத்திலிருந்து. எந்த முடிவுக்கும் ஆறு வாக்குகள் வேண்டும். அதாவது சங்கம் மட்டும் நினைத்து யாரையும் காப்பாற்ற முடியாது, நிர்வாகம் மட்டும் நினைத்து யாரையும் வெளியேற்ற முடியாது. பல ஆண்டுகள் பணியாற்றியும் வகுப்பு நடத்தத் தடுமாறும் ஆசிரியர்களுக்கும் இதே வழியில் உதவி உண்டு. ஆனால் ஒருவரை அதில் சேர்க்கப் பள்ளித் தலைவரும் அந்தப் பள்ளியின் சங்கப் பிரதிநிதிகளும் இருவருமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு சின்சினாட்டி, கொலம்பஸ், ரோசெஸ்டர் நகரங்களும், மேரிலாந்தின் மான்ட்கோமெரி மாவட்டமும் இதைத் தங்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டன.

உதவுபவரே மதிப்பிடவும் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். டொலிடோவில் இரண்டையும் ஒரே ஆள்தான் செய்கிறார். எப்படி முடிகிறது? அவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தினமும் கூடச் சாப்பிடுபவர் இல்லை. ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகாமல் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறார். முடிவு அவர் கையில் இல்லை, குழுவிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், விதிகளை ஆசிரியர்களும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். செலவும் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு ஆலோசனை ஆசிரியரின் வகுப்புக்கும் இன்னொருவரை வேலைக்கு வைக்க வேண்டும். உங்கள் படிவத்தில் இதில் எதுவுமே இல்லை, டீச்சர். ஒன்பது பேரும் ஒரே அறையில், நாளைக்கு விடுப்பு என்றால் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். அவர்கள் கையில் எண்ணைக் கொடுத்தால் நான்குதான் வரும்.

நம் ஊரில் இதற்கெல்லாம் வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலை, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தங்கள் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் முறையை, நினைத்துப் பாருங்கள். மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திராவிலுள்ள ரிஷி வேலிக்குப் போய் அங்குள்ள கிராமப் பள்ளிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். திரும்பி வந்து கற்றல் அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். பின்னால் அது மாநிலம் முழுக்கப் போனதும் அட்டைகள் அச்சடித்து வந்து இறங்கின, பல பள்ளிகளில், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி சுவரில் தொங்கியதோடு சரி. அதன் குறை நிறைகளைப் பற்றி நீண்ட விவாதமே உண்டு. ஆனால் அந்த முதல் ஆசிரியர்களில் சிலரோடு நான் பேசியிருக்கிறேன். 'போய்ப் பார்த்தோம்' என்று அவர்கள் சொல்லும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தை, எந்தப் பயிற்சிச் சான்றிதழைப் பற்றிப் பேசும்போதும் நான் கண்டதில்லை.

இப்போது நம்மிடம் பயிற்சிக்குக் குறைவில்லை. 2019-இல் தொடங்கிய நிஷ்டா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம், நாடு முழுக்க 42 லட்சம் ஆசிரியர்களை எட்டும் இலக்கோடு வந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இணையவழிப் பயிற்சி, வினாடி வினா, சான்றிதழ் எல்லாம் வருகின்றன. குறுவள மையக் கூட்டங்களும் நடக்கின்றன. குறுவள மையத்தை மட்டும் நான் பெரிதாக நம்புகிறேன். பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், ஒரே மாதிரி பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள், நேரில் கூடும் இடம் வேறு இல்லை. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆசிரியரின் வகுப்பைப் பற்றிப் பேசக் கிடைக்கும் ஒரே வாய்ப்பும் அதுதான். அங்கேயும் நாள் முழுக்க மேலிருந்து வந்த பவர்பாயின்டை ஓட்டிவிட்டு, கடைசியில் கையெழுத்து வாங்கி அனுப்பினால் அந்த வாய்ப்பும் போகிறது. நானே அப்படி ஓட்டியிருக்கிறேன். கொடுக்கப்பட்ட நேரத்தில் அத்தனையையும் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அதில் எத்தனை நல்ல கேள்விகளை 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிவிட்டேன் என்று நினைத்தால் மனசு உறுத்துகிறது.

உங்கள் பள்ளிக்கு வருகிறேன். ஒன்பது பேரை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். தொடக்க வகுப்பு எடுப்பவர்கள் ஒன்றாக இருக்கட்டும், மற்றபடி ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு குழுவும் பிள்ளைகள் தடுமாறும் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். மூன்றாம் வகுப்பில் 52-இல் 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்து இரண்டு என்று, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது, அந்தக் குழந்தை ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் போகிறது. அந்த விதி எங்கிருந்து வந்தது, குச்சிக்கட்டை வைத்தால் உடையுமா, இல்லை கதையாகக் கேட்டால் உடையுமா என்று மூவரும் சேர்ந்து யோசித்து ஒரு பாடம் தயாரிக்கட்டும். ஒருவர் எடுக்கட்டும், இருவர் பார்க்கட்டும்.

பார்ப்பவர் ஆளுக்கு நான்கு பிள்ளைகளை மட்டும் கவனிக்கட்டும். கையில் ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் பிள்ளை செய்தது, சொன்னது மட்டும் வரட்டும். 'வகுப்பு கலகலப்பாக இருந்தது' என்ற வரி வேண்டாம், 'கவிதா முதலில் 26 எழுதினாள், குச்சிகளை எண்ணிவிட்டு 14 என்றாள், ஆனால் நோட்டில் 26-ஐ அழிக்கவில்லை' என்ற வரி வேண்டும். இந்த ஒரு வரியை வைத்து அரை மணி நேரம் பேசலாம். குச்சியில் கண்டதையும் நோட்டில் எழுதியதையும் அவள் ஒன்றாகவே நினைக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். வகுப்பு எடுத்த டீச்சர் முதலில் பேசட்டும். 'நீங்கள் இப்படிச் செய்திருக்கலாமே' என்று யாராவது தொடங்கினால், 'எந்தப் பிள்ளையைப் பார்த்து அப்படித் தோன்றியது?' என்று கேளுங்கள். பேச்சு தானாகத் திரும்பும். அந்தத் தாள் அவர்களிடமே இருக்கட்டும், அலுவலகக் கோப்புக்குள் போக வேண்டாம்.

பாடவேளைக்கு என்ன செய்வது என்பது நிஜமான சிக்கல். இருவர் பார்க்கப் போனால் இரண்டு வகுப்புகள் காலி. மாதத்துக்கு ஒரு குழு என்று வைத்தால், அந்த ஒரு பாடவேளைக்கு இரண்டு வகுப்புகளை நூலக வேளையாகவோ விளையாட்டாகவோ சேர்த்துவிடலாம். மூன்று மாதத்தில் ஒன்பது பேரும் ஒரு சுற்று வந்திருப்பார்கள். மாதம் ஒன்பது வகுப்புகளை அவசரமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நன்றாகப் பார்ப்பது மேல்.

படிவம் வீணாகப் போகிறதே என்று வருந்த வேண்டாம். என்.சி.இ.ஆர்.டி. 2013-இல் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கு வெளியிட்ட செயல்திறன் குறியீடுகளிலும் ஆசிரியர் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் பகுதி இருக்கிறது. உங்கள் 20 அம்சங்களை அப்படியே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, பருவத்துக்கு ஒருமுறை தனக்குத்தானே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், திருப்பி வாங்காதீர்கள்.

ஒன்பது பேரில் ஒருவர் உண்மையிலேயே வகுப்புக்கு ஒழுங்காகப் போவதில்லை, அல்லது பிள்ளைகளை அடிக்கிறார் என்றால், அது இந்த ஏற்பாட்டுக்குள் வராது. அதைச் சக ஆசிரியர்கள் தலையில் கட்டாதீர்கள். தலைமையாசிரியர் என்ற முறையில் நீங்கள் நேரே பேச வேண்டிய விஷயம் அது, தேவைப்பட்டால் வட்டாரக் கல்வி அலுவலர் வரை கொண்டுபோக வேண்டியது. அந்த வேலையைத் தவிர்ப்பதற்காகத்தான் பல பள்ளிகளில் 'சக மதிப்பீடு' தொடங்கப்படுகிறது. ஆசிரியர்களுக்கு அது உடனே புரிந்துவிடும், அதோடு யாரும் தன் வகுப்புக் கதவைத் திறந்து வைக்க மாட்டார்கள்.

முதல் பாடத்தை நீங்களே எடுங்கள், டீச்சர். நிர்வாக வேலைக்கு நடுவில் வகுப்பு விட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கே நன்றாக வராத ஒரு பாடமாகப் பார்த்து எடுங்கள். இளையவர்கள் இருவரைப் பார்க்க வரச் சொல்லுங்கள். முடிந்ததும் அவர்கள் தாளில் எழுதியதை வாசிக்கும்போது விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அடுத்த மாதம் யார் எடுப்பது என்று அன்றைக்கே கேட்க வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள். யாராவது ஒருவர் தானாக வந்து சொல்வார்.